பதினொன்றேகால் லட்சம் டாலருக்கு 1928-ஆம் ஆண்டு வீடு: கையெழுத்துக்கு முன் எண்ண வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நியூ ஜெர்சியின் எடிசனில் வாடகைக்கு இருக்கிறீர்கள். மகள் வரும் செப்டம்பரில் கிண்டர்கார்டன் போக வேண்டும். அதற்குள் மில்பர்னில் ஒரு வீடு வாங்க நினைக்கிறீர்கள். 1928-இல் கட்டியது. கேட்கும் விலை 10,50,000 டாலர். பதினொன்றேகால் லட்சம் கொடுத்து, வீட்டுப் பரிசோதனை நிபந்தனையையும் (ஆளை வைத்து வீட்டைச் சோதித்து, குறை தெரிந்தால் விலகிக்கொள்ளும் உரிமை) கைவிட்டால்தான் கிடைக்கும் என்கிறார் உங்கள் தரகர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "விலை அதிகம் என்று எங்களுக்கே தெரியும். ஆனால் மாதத் தவணை கட்ட முடியும். அதற்கு மேல் என்ன செலவு வந்துவிடப் போகிறது?" என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மில்பர்ன் இருக்கும் இதே எசெக்ஸ் கவுண்டியில் இதே போன்ற ஒரு வீட்டை வாங்கியபோது நானும் என் மனைவியும் அதே வரியைத்தான் சொல்லிக்கொண்டோம்.

நீங்கள் அனுப்பிய நகராட்சி மதிப்பீட்டுப் பதிவை மறுபடி பாருங்கள். நிலம் 6,20,000, கட்டடம் 3,40,000 என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறது. நியூ ஜெர்சியில் எல்லா வீட்டுக்கும் இப்படிப் பிரித்தே எழுதுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் கொடுக்கப்போகும் பணத்தில் பெரும்பகுதி அந்த மண்ணுக்கும், அந்த மண்ணில் குடியிருப்பதால் கிடைக்கும் பள்ளிக்கும், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ரயிலுக்கும் போகிறது. மேலே நிற்கிற, நூறு வயதை நெருங்கும் கட்டடத்தை வாழத் தகுந்ததாக வைத்திருக்க ஆகும் பணம் தனி. அது இந்த விலையில் அடங்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகவும் சில நாள்களில் மொத்தமாகவும் உங்களிடம் வந்து நிற்கும்.

விலை ஏன் இப்படி ஏறியது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1996-இல் மிட்டவுன் டைரக்ட் ரயில் சேவை வந்ததும், ஹோபோக்கனில் இறங்கி மாறாமல் நேராக மன்ஹாட்டனின் பென் நிலையத்துக்குப் போக முடிந்தது. மில்பர்ன், மேப்பிள்வுட், சவுத் ஆரஞ்சு, சம்மிட் எல்லாம் அன்றிலிருந்து வேறு ஊர்களாகிவிட்டன. பிறகு 2021 ஜனவரியில் முப்பது ஆண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி 2.65 சதவீதத்துக்கு இறங்கியது. 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது. மலிவு வட்டியில் கடன் வாங்கியவர்கள் வீட்டை விற்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தைக்கு வருவது நான்கைந்து வீடுகள், காத்திருப்பதோ நாற்பது குடும்பங்கள். அந்த அவசரத்தில்தான் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் பழக்கம் வந்தது. விற்பவருக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

இப்போது நான் மிகவும் அஞ்சுகிற விஷயத்துக்கு வருகிறேன். மண்ணுக்குள் இருக்கும் எண்ணெய்த் தொட்டி.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் ஒரு காலத்தில் நிலக்கரியில் சூடேறின. அதன் பிறகு பலவற்றில் எண்ணெய் வந்தது. எண்ணெயைச் சேமிக்க இரும்புத் தொட்டி ஒன்றை முற்றத்தில் புதைத்தார்கள். பின்னால் எரிவாயுக் குழாய் வந்தபோது பாய்லரை மாற்றினார்கள், ஆனால் தொட்டியைத் தோண்டி எடுக்கப் பலர் மெனக்கெடவில்லை. வீடு மூன்று நான்கு கைகள் மாறிய பின், அங்கே ஒரு தொட்டி இருக்கிறது என்பதே யாருக்கும் நினைவில்லை. இரும்பு துருப்பிடிக்கிறது, உள்ளே மிஞ்சிய எண்ணெய் மண்ணில் இறங்குகிறது.

நியூ ஜெர்சியில் 1976-இல் இயற்றிய கசிவுச் சட்டத்தின்படி, தவறு யாருடையது என்று பார்க்காமலே பொறுப்பைச் சுமத்த முடியும். நடைமுறையில், பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சுத்தம் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் புதைத்தவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் இதை ஒதுக்கியே வைத்திருக்கும்.

எங்கள் வீட்டில் மூன்றாம் கோடையில் தெரிந்தது. மழைநீர் வடிகாலுக்காகப் பக்கவாட்டில் தோண்டிக்கொண்டிருந்த ஆள், மண்வெட்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஓர் இரும்புக் குழாயின் வாய். கீழே தொட்டி. மேல்மண்ணிலேயே மண்ணெண்ணெய் வாடை. தொட்டியை எடுத்து, மண்ணை லாரி லாரியாக ஏற்றி அனுப்பி, புது மண் கொட்டி, மாதிரிகள் எடுத்து, அரசின் சுற்றுச்சூழல் துறையிடமிருந்து 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற கடிதம் வாங்கி முடிக்கப் பதினான்கு மாதங்கள், 41,000 டாலர். நிலத்தடி நீரை எட்டியிருந்தால் லட்சத்தைத் தாண்டியிருக்கும் என்றார்கள். வாங்கும் முன் உலோகம் கண்டறியும் கருவியோடு ஓர் ஆளை முற்றத்தில் நடக்கவிட்டிருந்தால் சில நூறு டாலரில் தெரிந்திருக்கும். வேண்டாம், ஏலத்தில் தோற்றுவிடுவீர்கள் என்று அன்றைய எங்கள் தரகர் சொன்னார். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

இதற்கு அடுத்தது கழிவுநீர்க் குழாய். வீட்டிலிருந்து தெருவின் பெருங்குழாய் வரை போகும் பகுதி பெரும்பாலும் உங்களுடையது. 1920-களில் அதைச் சுட்ட களிமண் துண்டுகளால் இணைத்துப் போட்டார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் மர வேர் நுழையும். இந்த ஊர்களின் அழகே அந்தப் பெரிய ஓக் மரங்கள்தான், அவற்றின் வேர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடி வரும். நன்றியறிதல் நாளன்று பதினைந்து விருந்தினர் இருக்கும்போது நிலவறைத் தளத்தில் கழிவுநீர் பொங்கிய வீடு எனக்குத் தெரியும். கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சில நூறு டாலர்தான் ஆகும். முழுவதும் மாற்ற வேண்டியிருந்தால் பத்தாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் வரை. தெருவை வெட்ட வேண்டி வந்தால் இன்னும் மேலே போகும்.

வீட்டுக்குள் வாருங்கள். பழைய வீட்டில் ஒரு வேலை தனியாக முடிவதில்லை. உங்களுக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை மாதத்து நியூ ஜெர்சியில் நிச்சயம் வேண்டும். இந்த வீட்டைச் சூடாக்குவது நீராவி ஓடும் ரேடியேட்டர்கள், ஆகவே காற்றுக் குழாய்களே கிடையாது. குழாய்களைச் செலுத்தச் சுவரைத் திறக்க வேண்டும். சுவரோ, மெல்லிய மரப் பட்டைகளின் மேல் சாந்து பூசியது. ஓரிடத்தில் தட்டினால் ஒரு முழம் உதிரும். அதன் மேல் பூசிய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டு வண்ணத்தில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல்தான். அதற்கு முந்தைய வீட்டில் வண்ணத்தைக் கிளறும் வேலையைக் கூலிக்குச் செய்பவர் மத்திய அரசின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்பது 2010 முதல் விதி. ஆகவே கூலி கூடும். உங்கள் மகளுக்கு ஐந்து வயது. இந்த இடத்தில் மலிவான ஆளைப் பிடிக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஈயத் தூசி குழந்தையின் மூளையைத் தொடுகிற விஷயம்.

சுவரைத் திறந்ததும் உள்ளே பீங்கான் குமிழ்களைச் சுற்றிப் போகும் பழைய மின்கம்பி தெரிந்தால் அடுத்த கதை தொடங்கும். 1940-கள் வரை கட்டிய வீடுகளில் அது இருக்க வாய்ப்புண்டு. நில இணைப்புக் கம்பி இல்லாதது அது. பல காப்பீட்டு நிறுவனங்கள் அதைக் கண்டால் விலகிக்கொள்ளும், காப்பீடு இல்லாமல் வங்கி கடன் தராது. வீடு முழுக்க மாற்றி, சுவர்களை மறுபடி பூச முப்பதாயிரம் டாலராவது எடுத்துவைக்க வேண்டும். நிலவறையில் நீராவிக் குழாய்களைச் சுற்றி வெள்ளைக் கட்டுத்துணி போல ஏதாவது இருந்தால் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். நீங்கள் தொடாதீர்கள், தனி உரிமம் பெற்றவர்களை அழையுங்கள். மண்ணிலிருந்து கசிந்து வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவையும் அளந்துவிடுங்கள். லிட்டருக்கு 4 பிகோகியூரி என்ற அளவை எட்டினால் சரிசெய்யச் சொல்கிறது மத்திய சுற்றுச்சூழல் முகமை. அதற்கு ஓரிரு ஆயிரம் டாலரில் தீர்வு உண்டு, கவலைப்பட வேண்டாம்.

சமையலறை மட்டும் புதிதாக, வெள்ளைப் பளிங்கோடு இருக்கிறது என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கேள்வியை எழுப்புகிறது. நகராட்சி அனுமதி வாங்கிச் செய்தார்களா? வாங்கியிருந்தால் இறுதி ஆய்வு நடந்து கோப்பு மூடப்பட்டதா? திறந்தே கிடக்கும் அனுமதிக் கோப்பு வீட்டோடு சேர்ந்து உங்கள் கைக்கு வரும். அனுமதியே இல்லாமல் செய்த வேலை என்றால் நாளை நகராட்சி ஆள் சுவரைத் திறந்து காட்டச் சொல்லலாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மில்பர்னைப் பற்றிப் பேச முடியாது. 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் எச்சம் இந்த மாநிலத்தின் மேல் வந்து நின்றது. நெவார்க்கில் ஒரே நாளில் எட்டு அங்குலத்துக்கும் மேல் மழை. ராவே ஆறு பெருகி மில்பர்ன் கடைவீதிக்குள் புகுந்தது. கீழே கிரான்ஃபோர்டிலும் அதே ஆறு அதே இரவில் வீடுகளை மூழ்கடித்தது. மாநிலத்தில் முப்பது பேர் இறந்தார்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டும். அதிலும் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், நிலவறையில் இருப்பவற்றுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 2024 மார்ச் 20 முதல், வெள்ளம் வந்த வரலாற்றை விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் படிவத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். நிலவறையில் புதிதாக அடித்த வண்ணம் சுவரின் கீழ் ஓரடியில் மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அங்கே ஈரப்பத நீக்கி எந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

வரிக்கு வருகிறேன், ஏனென்றால் பலர் இதைத் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். நியூ ஜெர்சியில் வீட்டுச் சொத்து வரியின் சராசரி 2024-இல் பத்தாயிரம் டாலரைத் தாண்டியது. மில்பர்னில் சராசரி இருபதாயிரத்தைக் கடந்தே பல ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் வீட்டுக்கு இன்றைய ரசீது 19,400. நீங்கள் அதிக விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்காக உங்கள் வீட்டை மட்டும் தனியாகப் பிடித்து மதிப்பை ஏற்ற முடியாது. அதற்குச் சட்டம் இடம் தராது. ஆனால் ஊர் முழுவதையும் மறுமதிப்பீடு செய்யும்போது அண்மை விற்பனை விலைகளை வைத்தே கணக்கிடுவார்கள், அந்தப் பட்டியலில் உங்கள் பதினொன்றேகாலும் இருக்கும். கலிபோர்னியாவில் 1978-இன் '13-ஆம் முன்மொழிவு' என்ற சட்டம் மதிப்பு ஏற்றத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. உங்கள் நண்பர் சான் ஹோசேயில் இருந்துகொண்டு சொல்லும் கணக்கு இங்கே செல்லாது. மேலும், நீங்கள் நிலவறையை அறையாக்கினாலோ இன்னொரு குளியலறை கட்டினாலோ, வேலை முடிந்த கையோடு கூடுதல் மதிப்பீடு என்று ஒரு ரசீது வரும். செலவும் செய்து, செய்ததற்கு ஆண்டுதோறும் வரியும் கட்ட வேண்டும்.

மத்திய வருமான வரிக் கணக்கில், மாநில, உள்ளூர் வரிகளை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் உச்சவரம்பு 2018 முதல் 10,000 டாலராக இருந்தது. 2025 சட்டம் அதை அந்த ஆண்டுக்கு 40,000 ஆக்கி, பிறகு ஆண்டுதோறும் சிறிது ஏற்றுகிறது. வருமானம் ஏறத்தாழ ஐந்து லட்சத்தைத் தாண்டினால் குறையும், 2030-இல் மறுபடி 10,000-க்கு இறங்கும் என்பது இப்போதைய சட்டம். முப்பது ஆண்டுக் கடனுக்குச் சில ஆண்டுச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பத்து லட்சத்துக்கு மேல் போகும் வீடுகளுக்கான 'மாளிகை வரி'யை 2004 முதல் வாங்குபவர்தான் கட்டிவந்தார். 2025 ஜூலை 10 முதல் அது விற்பவரின் பொறுப்பு. உங்களுக்கு அது மிச்சம்தான், ஆனால் விற்பவர் அதை மனத்தில் வைத்தே விலையைச் சொல்லியிருப்பார்.

மரம், நடைபாதை, புகைபோக்கி. ஒரு முதிர்ந்த ஓக் மரத்தை வெட்டச் சில ஆயிரங்கள் ஆகும், நகராட்சி அனுமதியும் வேண்டியிருக்கும். வீட்டு முன் நடைபாதை வேர் தூக்கி உடைந்தால் பெரும்பாலான ஊர்களில் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். செங்கல் புகைபோக்கிக்கு உள்ளே புதுக் குழாய் செருகச் சொல்வார்கள்.

இனி கையில் இருக்கும் பணம். முன்பணமாக 20 சதவீதம், அதாவது 2,25,000 சேர்த்து வைத்திருக்கிறீர்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து வீட்டின் மதிப்பு 10,50,000 என்று எழுதினால், வங்கி அதில் 80 சதவீதமாகிய 8,40,000 மட்டுமே தரும். நீங்கள் ஒப்புக்கொண்டது பதினொன்றேகால். ஆக 2,85,000 கொண்டுபோக வேண்டும். அந்த அறுபதாயிரம்தான், தொட்டிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் நீங்கள் வைத்திருக்க வேண்டிய பணம். விலைப் போட்டி அதை முதல் நாளிலேயே வாங்கிக்கொண்டுவிடும்.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். நீங்கள் இருவரும் இன்னும் ஹெச்-1பி விசாவில்தானே? வேலை போனால் அறுபது நாள் அவகாசம். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை முறித்துப் பெட்டியைக் கட்டலாம். இந்த வீட்டை அறுபது நாளில் விற்றால் தரகு, சொத்தைக் கைமாற்றும் கட்டணம், மாளிகை வரி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் போக முன்பணத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதி வேலையில் சுவர் திறந்து கிடக்கும் வீட்டுக்கு நல்ல விலை வராது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. 2023-இல் வேலை இழந்த இரண்டு குடும்பங்கள் இப்படி மாட்டிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டை எனக்கு இன்றும் பிடிக்கும். அந்த ஓக் தளத்தையும் மாடிப்படியின் கைப்பிடியையும் புது வீட்டில் யாரும் செய்து தர முடியாது. பிள்ளைகள் இருவரும் நடந்தே பள்ளிக்குப் போனார்கள். ஆனால் பரிசோதனையைக் கைவிட்டு அந்த விலைக்கு வாங்குவது வேண்டாம். ஒருபுறம் கூடுதல் விலை கொடுத்து, மறுபுறம் வீட்டின் நோயை அறியும் உரிமையையும் விட்டுக்கொடுப்பது இரண்டு முறை கொடுப்பதாகும்.

நாளை வெள்ளிக்கிழமை. அரை நாள் விடுப்பு எடுத்து மில்பர்ன் நகராட்சியின் கட்டடப் பிரிவுக்கு நேரில் போங்கள். வரிப் பதிவில் வீட்டை அடையாளம் காட்டும் பிளாக், லாட் எண்களைச் சொல்லி அனுமதிக் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். பொதுப் பதிவுச் சட்டப்படி எழுதிக் கேட்டால் ஏழு வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு உங்களிடம் நேரமில்லை. ஆனால் முகம் பார்த்துக் கேட்டால் பல சமயம் எடுத்துக் காட்டுவார்கள். சமையலறை, பாய்லர், எண்ணெய்த் தொட்டி அகற்றம் ஆகிய மூன்றையும் தேடுங்கள்.

சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வீட்டுக்குள் வர அனுமதி கேட்கச் சொல்லித் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். தொட்டி தேடும் ஆளையும் கழிவுநீர்க் கேமரா ஆளையும் அழைத்துப்போங்கள். விற்பவர் மறுத்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நிபந்தனையை முழுவதும் கைவிடுவதற்குப் பதில், 'சிறு பழுதுகளைக் கேட்க மாட்டோம். அடித்தளம், கூரை, மின்சாரம், கழிவுநீர், மண்ணடித் தொட்டி ஆகியவற்றில் பெருங்குறை இருந்தால் மட்டும் விலகிக்கொள்வோம்' என்று எழுதித் தரலாம். இங்கே பல விற்பனையாளர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். தரகர் தயாரிக்கும் ஒப்பந்தத்துக்கு மூன்று வேலை நாள் வழக்கறிஞர் மறுஆய்வு உண்டு, அதற்குள் இரு தரப்பு வழக்கறிஞர்களில் யாரும் ஒப்பந்தத்தை மறுக்கலாம். ஆகவே வழக்கறிஞரை இன்றே அமர்த்திக்கொள்ளுங்கள். தரகர் சொல்லும் ஆளாக இல்லாமல் நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் இந்த வீட்டுக்கு 10,60,000-க்கு மேல் ஒரு டாலர் எழுத மாட்டேன். கிடைக்காமல் போனால் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் 1980, 90-களில் கட்டிய வீடுகளையும் ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். ரயில் பயணம் நீளம்தான், பள்ளிகள் நன்றாக இருக்கின்றன, சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது ஓரளவு தெரியும். சனிக்கிழமை கேமராப் பதிவும் தொட்டி அறிக்கையும் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். ஞாயிறு முழுவதும் வீட்டில்தான் இருப்பேன், வரி வரியாகச் சேர்ந்து படிக்கலாம்.